‘ரீச் ஆயிட்டேன் சார்!’ – இங்கிலீஷ்ல எப்படிச் சொல்வீங்க?

பாகலூர்ல பஸ் ஏறி, ஓசூர் சிப்காட்டுக்கு இன்டர்வியூ போறீங்க. கம்பெனி கேட்டுக்கிட்ட நிக்கும்போது ஹெச்.ஆர். போன் பண்றாங்க. தமிழ்னா ‘வந்துட்டேன் மேடம்’னு முடிச்சிருப்பீங்க. இங்கிலீஷ்னதும் ‘ஐ ரீச்ட் டு ஓசூர்’னு வந்து விழும். அந்த ‘டு’தான் வில்லன்!

எங்கேருந்து வருது இந்த ‘டு’? நம்ம வீட்டுப் பேச்சிலேருந்துதான். தமிழ்ல ‘ஓசூருக்கு’ன்னு சொல்ற ‘க்கு’வுக்கு, கன்னடத்துல ‘கெ’, தெலுங்குல ‘கு’ன்னு சொந்தக்காரங்க இருக்காங்க. மூணு பாஷையும் புழங்குற எல்லை ஊர்ல, அதை இங்கிலீஷுக்கும் சேர்த்து ஒட்டிடறோம்.

ஈஸியான வழி இதோ. ‘ரீச்’னா ‘வந்து சேர்ந்தேன்’னு நினைக்காதீங்க, ‘அடைந்தேன்’னு நினைங்க. ‘ஓசூரை அடைந்தேன்’ – இதுல ‘க்கு’ வருதா? வரலை. அப்போ ‘டு’வும் வேண்டாம். ‘ஐ ரீச்ட் ஓசூர்.’ அவ்வளவுதான்!

‘டு’வை ஒரேயடியா விரட்டிடாதீங்க. ‘கெட்’டுக்கு அது வேணும்: ‘ஐ காட் டு ஓசூர் அட் நைன்.’ ஆனா ஹோம், ஹியர், தேர் வந்தா அங்கேயும் ‘டு’வுக்கு லீவு: ‘ஐ காட் ஹோம்.’

‘அரைவ்’ தனி ரகம். ஊர், நாடுன்னா ‘இன்’: ‘அரைவ்ட் இன் பெங்களூரு.’ குறிப்பிட்ட ஒரு இடம்னா ‘அட்’: ‘அரைவ்ட் அட் த பஸ் ஸ்டாண்ட்.’ ‘அரைவ்ட் டு’ கிடையவே கிடையாது.

இன்னும் பஸ்லதான் இருக்கீங்களா? ‘ஐ ஆம் ஆன் த வே’ன்னு சொல்லுங்க. ‘இன் த வே’ன்னு சொன்னா, ‘வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறேன்’னு அர்த்தமாயிடும்!

வெறும் ‘ஐ ஹாவ் ரீச்ட்’ நம்ம நாட்ல எல்லாருக்கும் புரியும். வெளிநாட்டுக்காரர் மட்டும், ‘எதை?’ன்னு அடுத்த வார்த்தைக்குக் காத்திருப்பார். ‘ஐ ஆம் ஹியர், அட் த மெயின் கேட்’னு சொன்னா குழப்பமே இல்லை.

பாகலூர்க்காரங்களுக்கு ஸ்பெஷல் டிப்ஸ்: பெங்களூரு ஏர்போர்ட் பக்கத்துலயும் ஒரு பாகலூர் இருக்கு. அதனால, ‘பாகலூர், நியர் ஓசூர்’னு சேர்த்தே சொல்லுங்க. இல்லேன்னா இலக்கணம் கரெக்டா இருக்கும், உங்களைக் கூட்டிட்டுப் போக வர்ற வண்டி வேற ஊர்ல நிக்கும்!

இன்னிக்கே ஆரம்பிங்க. வீட்டுக்குப் போனதும் ஃப்ரெண்டுக்கு ஒரு மெசேஜ்: ‘ரீச்ட் ஹோம்.’ நடுவுல ‘டு’ இல்லாம!