டேஷ்போர்டைப் பிரிக்கும் முன்

“கூலிங் காயில் போயிருச்சு சார், டேஷ்போர்டை இறக்கணும்.” கார் ஏசி கடையில் காதில் விழும் வாக்கியங்களில் இதைவிட வயிற்றைக் கலக்குவது வேறில்லை. ஸ்டீயரிங், ஏர்பேக், மீட்டர், மியூசிக் சிஸ்டம், வயர் கட்டுகள், எண்ணிலடங்காத கிளிப்புகள் எல்லாவற்றையும் கழற்றி, ஒரு புத்தகப் பருமனே உள்ள அலுமினியக் காயிலை எடுக்க வேண்டும். பல கார்களில் காயிலின் விலையைக் கூலி மிஞ்சிவிடும். வேலை முடிந்த பிறகு, அதுவரை இல்லாத ஒரு ‘கிறீச்’ மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் கூடவே வரும்.

அந்தத் தீர்ப்பு சில நேரம் சரியாகவே இருக்கும். ஆனால் நிரூபிக்கப்படாமலே சொல்லப்படுவதும் நிறைய. டேஷ்போர்டில் ஒரு திருகைக்கூடத் தொடாமல் அதன் பின்னால் நடப்பதைக் கண்டுபிடிக்க இயற்பியல் நமக்கு நல்ல வழிகள் தந்திருக்கிறது.

காயில் ஏன் அவ்வளவு ஆழத்தில் போய் உட்கார்ந்தது? தொடக்கத்தில் அது அங்கே இல்லை. அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் 1940 மாடல் கார்களில் தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தித் தந்தபோது, குளிரூட்டும் பகுதி டிக்கிக்குள் இருந்தது. அதில் கம்ப்ரஸருக்கு கிளட்ச் கிடையாது. ஏசி வேண்டாம் என்றால் இன்ஜினை அணைத்து, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! 1954-இல் நாஷ் நிறுவனம் ஹீட்டர், காற்றோட்டம், ஏசி மூன்றையும் சேர்த்து வண்டியின் முன்பகுதிக்குள் அடக்கியது. இன்றைய கார்கள் அந்த வழியில் வந்தவை. அசெம்பிளி லைனில் இப்போது ஏசி பெட்டியும் டேஷ்போர்டும் ஓர் இரும்புக் குறுக்குச்சட்டத்தில் முன்கூட்டியே பூட்டப்பட்டு, முழுசாகக் கதவு வழியே உள்ளே நுழைக்கப்படுகின்றன. கட்டுவதற்கு இது மிக வசதி. பத்து வருடம் கழித்து ரிப்பேர் பார்க்கப் போகிறவரை அந்த வடிவமைப்பாளர் நினைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் குறை.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? இந்தியச் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். சாதாரணக் காற்றழுத்தத்தில் அது மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். கேஜில் சுமார் 28 பி.எஸ்.ஐ. அழுத்தம் காட்டும்போது அதன் கொதிநிலை சுழியம் டிகிரி. காயிலுக்குள் திரவம் கொதித்து ஆவியாகிறது, அதற்கு வேண்டிய வெப்பத்தைக் கேபின் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது, காற்று குளிர்கிறது. ஆக, இன்ஜின் அறையில் உள்ள குழாயில் மெக்கானிக் மாட்டும் நீல நிற கேஜ் வெறும் அழுத்தமானி அல்ல. டேஷ்போர்டுக்குப் பின்னால் செருகி வைத்த தெர்மாமீட்டர் அது.

தாழ் அழுத்தப் பக்கத்து இந்த நீலக் கேஜையும் உயர் அழுத்தப் பக்கத்துச் சிவப்புக் கேஜையும் சேர்த்துப் படித்தால் பாதி வழக்கு முடிந்துவிடும். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் எகிறியிருந்தால் கண்டென்சர் சூட்டை வெளியேற்றவில்லை: ஃபேன் ஓடுகிறதா, கண்டென்சரில் மண் அப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிக்னலில் நிற்கும்போது வெக்கையாகவும் வண்டி ஓடும்போது குளுமையாகவும் இருந்தால் அநேகமாக இதுதான். நீல முள் ஒரேயடியாகச் சரிந்து வெற்றிடத்தை நோக்கிப் போனால், காயிலுக்குள் திரவத்தை விடும் எக்ஸ்பான்ஷன் வால்வ் அடைத்திருக்கலாம். பல கார்களில் அந்த வால்வ், இன்ஜின் அறையையும் கேபினையும் பிரிக்கும் ஃபயர்வாலில் இன்ஜின் பக்கமாகவே இருப்பதால், பானட்டைத் திறந்தே மாற்றிவிடலாம். இன்ஜின் ஓடும்போதும் இரு முள்ளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றால், கம்ப்ரஸர் அழுத்தவே இல்லை.

கேஜ் சொல்லாத ஒன்றும் உண்டு. உள்ளே எவ்வளவு கேஸ் மிச்சம் என்பதை, நிற்கும் வண்டியின் அழுத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. சமையல் கேஸ் சிலிண்டரைப் போலத்தான். துளி திரவம் இருக்கும்வரை அழுத்தம் வெப்பநிலைக்கு ஏற்றபடியே நிற்கும், அளவுக்கு ஏற்றபடி நிற்காது. அதனால் ‘முள்ளைப் பார்த்து ரெண்டு தட்டு தட்டுறேன்’ என்று கேஸ் அடிப்பது ஊகம்தான். பானட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் சீட்டில் கேஸின் வகையும் கிராம் கணக்கும் இருக்கும். சின்னக் கார்களுக்கு அரைக் கிலோவைச் சுற்றித்தான் வரும். எடை போட்டு நிரப்பினால் போதும்.

இன்னொரு வகைக் கோளாறில் குளிர் உண்டாகிறது, ஆனால் நம்மிடம் வந்து சேர்வதில்லை. இதில் காயில் மேல் குற்றமே இருக்காது. அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்று மெலிந்துபோய், கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தால் மறுபடி சரியாகிறதா? காயிலில் பனி கட்டுகிறது என்று பொருள். கேபின் ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது காயிலின் குளிரைக் கண்காணித்து கம்ப்ரஸரை நிறுத்த வேண்டிய சென்சார் ஏமாற்றுகிறது. ப்ளோயர் கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடினால் ரெஸிஸ்டர் எரிந்திருக்கும். டேஷ்போர்டுக்குள் ‘டக் டக்’ என்று சத்தம் வந்து, ஒரு பக்கம் சூடாகவும் ஒரு பக்கம் குளிராகவும் காற்று வந்தால், சூட்டையும் குளிரையும் கலக்கும் சின்னக் கதவின் மோட்டாரில் பிளாஸ்டிக் பல் உடைந்திருக்கலாம். ஃபில்டர், ரெஸிஸ்டர், ப்ளோயர் மோட்டார் எல்லாம் பல கார்களில் க்ளவ் பாக்ஸைக் கழற்றினாலே கைக்கு எட்டும். இடது பக்க கார்ப்பெட் ஈரமாவதும் பெரும்பாலும் ட்ரெயின் பைப் அடைப்புதான்.

அந்த ட்ரெயின் பைப்பைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். ஏசி போட்டு நிறுத்திய காரின் அடியில் தண்ணீர் சொட்டுகிறதே, அந்தக் குழாய்தான். காற்றின் ஈரம் காயிலில் பட்டுக் குளிர்ந்து அதன் வழியே வெளியேறுகிறது. கசியும் கேஸும் அதே வழியாக வரும். ஏனென்றால் ஆர்-134ஏ காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது. இன்ஜினையும் ப்ளோயரையும் அணைத்துவிட்டுச் சிறிது நேரம் காத்திருந்தால், காயிலில் கசிந்த கேஸ் பெட்டியின் அடியில் தேங்கிக் குழாயில் இறங்கும். அங்கே எலக்ட்ரானிக் லீக் டிடெக்டரின் மூக்கை நீட்டினால் கத்தும். தண்ணீர் பட்டால் சில கருவிகள் பொய்யாகவும் கத்தும் என்பதால், குழாயைத் துடைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. கேஸோடு சாயம் கலந்து ஓடவிட்டு, சில நாள் கழித்துப் புற ஊதா விளக்கை அடித்துப் பார்ப்பதும் உண்டு. குழாயின் வாயில் பச்சையாக ஒளிர்ந்தால் சந்தேகம் வலுக்கும்.

மறுக்கமுடியாத சாட்சி வேண்டுமென்றால் நைட்ரஜன். ஃபயர்வாலில் காயிலுக்குப் போகும் இரண்டு குழாய்களையும் பிரித்து, ஒன்றை அடைத்து, மற்றொன்றில் கேஜ் மாட்டி, அளவான அழுத்தத்தில் நைட்ரஜனை ஏற்றிவிட வேண்டும். இப்போது காயில் மட்டும் தனியாக விசாரணைக் கூண்டில் நிற்கிறது. முள் அசையாமல் நின்றால் காயிலுக்கு விடுதலை. ஓ-ரிங், கேஸ் ஏற்றும் வாயின் வால்வ், கம்ப்ரஸர் சீல், கல்லடி பட்ட கண்டென்சர் இவற்றில் குற்றவாளியைத் தேடலாம். முள் இறங்கினால் தீர்ப்பு உறுதி. இதற்கு டேஷ்போர்டைத் தொடவே வேண்டாம். இவ்வளவு எளிய சோதனையைக் கேட்டுப் பெறுகிறவர்கள் ஏன் குறைவு என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

காயில் ஓட்டையே என்றாலும் எல்லாக் கார்களிலும் டேஷ்போர்டு இறங்க வேண்டியதில்லை. பழைய மாருதி 800-இல் காயில் இருந்த பெட்டி க்ளவ் பாக்ஸ் பக்கம் தனியாக இருந்ததால் அந்த வழியாகவே எடுத்துவிடுவார்கள். வேறு சில கார்களில் பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து காயிலை உருவ முடியும். மூடி இல்லாத பெட்டியில் பிளாஸ்டிக்கை அறுத்து வழி செய்து, காயிலை மாற்றியபின் ஒட்டிவிடும் கைக்காரர்களும் இருக்கிறார்கள். ஒட்டு சரியில்லையென்றால் குளிர்க் காற்று உள்ளுக்குள்ளேயே கசியும். தண்ணீர் வயர்களின் மேல் சொட்டும். பழைய வண்டிக்கு வேண்டுமானால் பொறுத்துக்கொள்ளலாம்.

ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் என்று விற்கப்படும் திரவங்களை மட்டும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அவற்றில் சில ஈரம் பட்டால் கெட்டியாகும் ரகம். ஈரம் ஓட்டைக்கு வெளியே மட்டும் இருப்பதில்லை, குழாய்க்குள்ளும் இருக்கும். வால்வின் நுண்துளையும் கடையில் கேஸை உறிஞ்சி எடுக்கும் இயந்திரமும் சேர்ந்து அடைபடும். அந்த ஈரத்தை விரட்டத்தான் கேஸ் நிரப்பும் முன் வேக்கம் போடுகிறார்கள். அழுத்தத்தைச் சாதாரண அளவில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறக்கினால், தண்ணீர் 30 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஐந்து நிமிட வேக்கத்தில் அது முழுதாக வெளியேறாது.

கசிவைச் சரிசெய்யாமல் வருடா வருடம் கேஸ் மட்டும் ஏற்றிக்கொண்டிருப்பதில் பணம் மட்டும் போவதில்லை. ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப்போல் 1,400 மடங்குக்கு மேல். 450 கிராம் காற்றில் கலந்தால், சுமார் 280 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்குச் சமம். ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் புதிய கார்களில் இதை அனுமதிப்பதில்லை.

எல்லாச் சோதனையும் முடிந்து, டேஷ்போர்டை இறக்கியே தீரவேண்டும் என்று ஆனால், பேட்டரி இணைப்பைத் துண்டித்துச் சற்று நேரம் விட்ட பிறகே ஏர்பேக் வயர்களில் கை வைக்க வேண்டும். எக்ஸ்பான்ஷன் வால்வ், ஓ-ரிங்குகள், காயில் சென்சார் இவற்றையும் அதே கையோடு மாற்றிவிட்டால், இன்னொரு முறை பிரிக்கும் செலவு மிச்சம். கழற்றிய காயிலைக் கையில் வாங்கிப் பாருங்கள். கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் கசியுமாதலால், ஓட்டை இருந்த இடத்தில் தூசு பிடித்த எண்ணெய்ப் பிசுக்கு இருக்க வேண்டும். காயில் முழுக்க உலர்ந்து சுத்தமாக இருந்தால், புதியதைப் பூட்டும் முன் பழையதில் நைட்ரஜனை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காட்டச் சொல்லுங்கள்.