எஞ்சின் ஒயிலின் பாகுநிலையைத் தெரிவு செய்தல்

நீரையும் தேனையும் ஒரே சாய்தளத்தில் ஊற்றினால் நீர் விரைவாகவும் தேன் மெதுவாகவும் வழியும். ஒரு திரவம் பாய்வதற்குக் காட்டும் இத்தடையே பாகுநிலை எனப்படும். வெப்பநிலை கூடும்போது திரவத்தின் பாகுநிலை குறையும்.

எஞ்சினின் முசலம், உருளை, போதிகைகள் என்பவற்றுக்கிடையே ஒயில் மெல்லிய படலமாக நின்று உராய்வைக் குறைக்கின்றது. பாகுநிலை மிகக் குறைந்தால் படலம் அறுந்து உலோகங்கள் ஒன்றோடொன்று தேயும். மிகக் கூடினால் ஒயில் ஒடுங்கிய வழிகளை அடையத் தாமதமாகும், எரிபொருளும் வீணாகும்.

ஒயில் இலக்கங்களின் கருத்து

எஸ்.ஏ.ஈ. எனும் அமெரிக்கப் பொறியியலாளர் சங்கத்தின் தரப்படுத்தலே உலகெங்கும் பயன்படுகின்றது. உதாரணமாக 10டபிள்யூ-30 ஐ நோக்குக. "டபிள்யூ" குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள இலக்கம் சிறிதாயின், குளிரிலும் ஒயில் இலகுவாகப் பாயும். இரண்டாம் இலக்கம் சூடான எஞ்சினில் உள்ள பாகுநிலையைக் காட்டும். 100 பாகை செல்சியஸில் அதன் எல்லைகள் (செக்கனுக்குச் சதுர மில்லிமீற்றரில்) வருமாறு:

தரம் 20 : 6.9 – 9.3
தரம் 30 : 9.3 – 12.5
தரம் 40 : 12.5 – 16.3
தரம் 50 : 16.3 – 21.9

கவனிக்க: இவ்விலக்கங்கள் வெப்பநிலைகள் அல்ல. சூடாகும்போது ஒயில் "10 இலிருந்து 30 ஆகத் தடிக்கும்" என எழுதுவதும் தவறு.

மாத்தளை மாவட்டத்தில் எதனைத் தெரிவு செய்வது?

20டபிள்யூ ஒயில் −15 பாகை செல்சியஸில் சோதிக்கப்படுகின்றது. இறத்தோட்டைக்கு மேலேயுள்ள றிவஸ்டன் மலைப்பகுதியிலும் அத்தகைய குளிர் ஏற்படுவதில்லை. எனவே இங்கு எந்த ஒயிலிலும் எஞ்சின் இயங்கத் தொடங்கும். ஆயினும் முதல் இலக்கம் சிறிதாயின், காலையில் ஒயில் விரைவாகப் பாகங்களைச் சென்றடையும்.

"தம்புள்ளையில் வெயில் அதிகம், ஆகவே தடித்த ஒயிலே நல்லது" என்பர் சிலர். இது போதிய காரணமன்று. வெளியே 25 பாகையாயினும் 35 பாகையாயினும், குளிரூட்டும் தொகுதி எஞ்சினை ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் வைத்திருக்கும். ஆனால் பாரமேற்றிய லொறி நீண்ட ஏற்றத்தில் செல்லும்போது ஒயில் மேலும் சூடாகும். அப்போதும் உற்பத்தியாளரின் கைநூல் அனுமதிக்கும் தரங்களுள் உயர்ந்ததையே தெரிவு செய்தல் வேண்டும்.

மாதிரி வினா

0டபிள்யூ-20 பரிந்துரைக்கப்பட்ட கலப்புக் காருக்கு 20டபிள்யூ-50 ஒயில் இடப்பட்டது. ஏற்படும் பாதிப்புகள் இரண்டைத் தருக.

விடை:
1. கலப்புக் காரின் எஞ்சின் ஓட்டத்தின்போது அடிக்கடி நின்று மீண்டும் இயங்கும். தடித்த ஒயில் பாகங்களை அடையத் தாமதமாவதால் தேய்வு கூடும்.
2. சூடான நிலையிலும் தரம் 50 இன் பாகுநிலை தரம் 20 இன் உயர் எல்லையைப் போல் குறைந்தது 1.75 மடங்காகும். ஆகவே ஒயிலைப் பாய்ச்சக் கூடிய சக்தி செலவாகி எரிபொருள் நுகர்வு அதிகரிக்கும்.

ஞாபகத்தில் இருத்துக

• முதலில் கைநூலைப் பார்க்க. பிறகே ஒயிலை வாங்குக.
• பாகுநிலை பொருந்தினாலும், ஒயில் பெற்றோல் எஞ்சினுக்கா டீசல் எஞ்சினுக்கா உரியது எனக் கொள்கலனில் பார்க்க.
• ஒயில் எரிந்து புகைக்கும் பழைய எஞ்சினுக்குத் தடித்த ஒயில் தற்காலிக ஆறுதல் மட்டுமே. தேய்ந்த பாகத்தைத் திருத்துவதே பரிகாரம்.