துருவை நீக்கலாம், தடயத்தை நீக்கலாமா?

மருதானை பஞ்சிகாவத்தையில் பழைய வாகனங்களுக்கு உயிர் கொடுப்பது அன்றாடத் தொழில். கழற்றிய இயந்திரங்களும் கதவுகளும் கடைவாசல்களில் குவிந்து கிடக்கும். அங்கு நோக்கம் ஒன்றுதான்: வாகனம் மறுபடி ஓட வேண்டும். யுத்தத்தில் பயன்பட்ட வாகனத்தை மீளமைப்பது வேறு வகையான வேலை. அந்த வேறுபாட்டை யோசிக்கும்போது எனக்கு நினைவில் வருவது ஆனையிறவில் நிற்கும் கவச புல்டோசர்.

1991 யூலையில் ஆனையிறவு முகாம்மீது விடுதலைப் புலிகள் 'ஆகாய கடல் வெளி' என்ற பெயரில் தாக்குதல் தொடுத்தார்கள். மண் தள்ளும் இயந்திரம் ஒன்றுக்கு இரும்புத் தகடுகளைப் பொருத்தி, அதை முகாமை நோக்கி நகர்த்தினார்கள். இராணுவச் சிப்பாய் காமினி குலரத்ன கைக்குண்டுகளுடன் அதன்மேல் ஏறி, அதை நிறுத்தி உயிரிழந்தார். பரம வீர விபூஷணய விருதை முதலில் பெற்றவர் அவரே. 2000 ஏப்ரலில் முகாம் புலிகளிடம் வீழ்ந்தது. 2009 ஜனவரியில் ஆனையிறவு மறுபடி இராணுவத்தின் வசமானது. இன்று ஏ9 வீதியோரம் அந்த புல்டோசர் அவருடைய நினைவுச்சின்னமாக நிற்கிறது.

கவச வாகனத்தை முறையாகப் பேணுபவர்கள் எடுத்த எடுப்பில் வர்ணம் பூசுவதில்லை. முதலில் படம் எடுப்பார்கள், அளவு குறிப்பார்கள். எந்தத் தகடு தொழிற்சாலையில் வந்தது, எது பின்னர் ஒட்டப்பட்டது, எந்தத் துளை சன்னம் பாய்ந்தது என்று பதிவார்கள். அதன் பிறகே துருவில் கைவைப்பார்கள். இரண்டு தகடுகளுக்கிடையில் தேங்கும் நீர் இரும்பை உள்ளிருந்து அரிக்கும். ஆனையிறவு போன்ற உப்புக்காற்று வீசும் இடத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும். அரிப்பை நிறுத்தாமல் வர்ணம் அடித்தால் வெளியே பளபளக்கும், உள்ளே உதிரும். துளைகளை அடைத்துவிட்டால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சாட்சியம் போய்விடும்.

நினைவுக்கும் இதே விதிதான். அந்த இயந்திரத்துக்குள்ளும் யாரோ பெற்ற பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களைப் போன்றவர்கள் உறங்கிய துயிலும் இல்லங்கள் யுத்தத்துக்குப் பின் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. கோப்பாயில் அந்த நிலத்தின்மேலேயே இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் எழுந்தது. ஓர் இயந்திரத்துக்குக் கிடைத்த பராமரிப்பு கல்லறைகளுக்குக் கிடைக்கவில்லை.

ஆனையிறவுச் சின்னத்தை அகற்றச் சொல்லி நான் இதை எழுதவில்லை. சிங்களத் தாய் ஒருத்தி தன் மகனை நினைக்க அங்கே ஓர் இடம் இருக்கிறது, அது இருக்கட்டும். தமிழ்த் தாய்க்கும் ஒரு கல் வேண்டும். அதுவரை அந்த மீளமைப்பு பாதி வேலைதான்.