ஈரம் காயட்டும், பிறகு சூடு

ஜெனீவாவைச் சேர்ந்த ஹொராஸ் பெனடிக்ட் டி சோசூர் என்ற அறிவியலாளர் 1783இல் காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்தக் கருவியின் உயிர்நாடி, எண்ணெய்ப் பசை நீக்கிய மனித முடி. காற்றில் ஈரம் கூடினால் முடி நீளும், குறைந்தால் சுருங்கும். அந்தச் சிறு அசைவை ஒரு முள் காட்டிவிடும். முழு வறட்சியிலிருந்து முழு ஈரம்வரை போகும்போது முடியின் நீளம் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும். மின்னணுக் கருவிகள் வரும்வரை வானிலை நிலையங்களில் முடி இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

காலையில் படிய வாரிய தலை, சென்னையின் கடற்காற்றில் பத்தே நிமிடத்தில் பறட்டையாகிப் போவதற்கும் முடியின் இந்தக் குணம்தான் காரணம். ஸ்ட்ரெய்ட்னர் பட்ட முடி நாளடைவில் பொரிந்து முறிவதிலும் நீருக்குப் பெரிய பங்கு உண்டு. முடிக்குள் நீர் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இரண்டையுமே பெருமளவு தவிர்க்கலாம்.

முடியின் உள்ளமைப்பு

ஒரு முடியிழையின் தடிமன் ஏறக்குறைய 50 முதல் 100 மைக்ரான். அதன் வெளிப்புறத்தைக் கியூட்டிகிள் என்ற உறை மூடியிருக்கிறது. தட்டையான செதில்கள், ஓட்டுக்கூரையில் ஓடுகளை அடுக்கியதுபோல, வேரிலிருந்து நுனியை நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகளாகப் படிந்திருக்கும். அதற்கும் மேலே மிக மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. முடி வழுவழுப்பாக இருப்பதும் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாமல் இருப்பதும் அதனால்தான். பிளீச்சும் காரத்தன்மை உள்ள சாயங்களும் முதலில் அழிப்பது இந்தப் படலத்தை. சாயம் போட்ட முடி எளிதில் சிலிர்த்துக்கொள்வதற்கு இது முக்கியக் காரணம்.

உறைக்குள் இருப்பது கார்டெக்ஸ். முடியின் வலுவெல்லாம் இங்கேதான். கெரட்டின் என்ற புரதத்தின் சுருள் இழைகள் இங்கே கட்டுக்கட்டாக நிற்கின்றன. அவற்றைப் பிணைப்பவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, கந்தக அணுக்களால் ஆன டைசல்பைடு பிணைப்பு. இது உறுதியானது, வெறும் தண்ணீருக்கு அசையாது. பார்லரில் செய்யும் நிரந்தர ஸ்ட்ரெய்ட்டனிங்கில் இதைத்தான் ரசாயனம் கொண்டு உடைக்கிறார்கள். மற்றொன்று, ஹைட்ரஜன் பிணைப்பு. தனியாகப் பார்த்தால் பலவீனமானது, ஆனால் எண்ணிக்கையில் மிக அதிகம். நீர் பட்டதும் விடுபடும், காய்ந்ததும் மறுபடி சேரும். சேரும் நேரத்தில் முடி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவமே நிலைக்கும்.

ப்ளோ ட்ரை, ஸ்ட்ரெய்ட்னர், கர்லர் எல்லாவற்றின் அடிப்படையும் இந்த ஹைட்ரஜன் பிணைப்புதான். அவை தரும் வடிவம் அடுத்த முறை முடி நனையும்வரைதான் நிற்கும். நனைக்க மழையே வேண்டுமென்பதில்லை, காற்றில் இருக்கும் நீராவியே போதும். அது உள்ளே புகுந்ததும் பிணைப்புகள் அவிழ்ந்து, ஒவ்வொரு இழையும் தன் இயல்பான வளைவுக்குத் திரும்பும். பக்கத்து இழை ஒரு பக்கம் போக, இது வேறு பக்கம் போகும். ஃப்ரிஸ் என்று நாம் சொல்வது இந்த ஒழுங்கின்மையைத்தான். செதில்கள் தேய்ந்த முடியில் நீர் வேகமாகப் புகுவதால் அங்கே ஃப்ரிஸ்ஸும் அதிகம்.

ஈர முடியில் சூடு பட்டால்

உலர்ந்ததாகத் தெரியும் முடியிலும், அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம்வரை நீர் இருக்கக்கூடும். நன்றாக நனைந்தால் இது 30 சதவீதத்தை எட்டும். ஸ்ட்ரெய்ட்னரின் தட்டு 180, 200 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. நீர் கொதிப்பதோ 100 டிகிரியில். ஈர முடியை அந்தத் தட்டுகளுக்கு நடுவே வைத்தால் உள்ளே இருக்கும் நீர் நொடியில் ஆவியாகும். திறந்த வெளியில் நீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் பிடிக்கும். மெல்லிய இழைக்குள் அதற்கு இடமேது? மென்மையாகிவிட்ட கெரட்டினைத் தள்ளி, உள்ளேயே குமிழிகளை உருவாக்கிவிடுகிறது.

மருத்துவர்கள் இதைக் குமிழி முடி என்கிறார்கள். 1986இல் மருத்துவ இதழொன்றில் முதன்முதலாக இது பதிவானது. பின்னர் 1994இல் நடந்த ஆய்வில், 125 டிகிரி சூட்டில் இருந்த கர்லிங் கருவியை ஒரே நிமிடம் முடிமீது வைத்தபோதே குமிழிகள் உருவாயின. ஸ்ட்ரெய்ட்னர் வைக்கும்போது ‘சுர்ர்’ என்ற சத்தம் கேட்டால் உடனே எடுத்துவிட வேண்டும். முடிக்குள் நீர் கொதிக்கிறது என்று பொருள்.

நீர் இருந்தால் கெரட்டினின் தாங்குதிறனும் குறைகிறது. உலர்ந்த முடியில் அதன் சுருள் அமைப்பு ஏறக்குறைய 230 டிகிரிவரை தாக்குப்பிடிக்கும். நனைந்த முடியில் 150 டிகிரி அளவிலேயே குலைந்துவிடும். சில ஸ்ட்ரெய்ட்னர்களில் 230 டிகிரிவரை வைக்க முடியும். முடிந்தவரை அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. மெல்லிய முடிக்கும் சாயம் போட்ட முடிக்கும் 150 டிகிரிக்குள் முடித்துக்கொள்ளலாம். அடர்த்தியான, ஆரோக்கியமான முடிக்கும் 180 டிகிரியைத் தாண்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. ஒரே கற்றையை ஐந்தாறு முறை இழுப்பதைவிட, சிறு கற்றையாகப் பிரித்து நிதானமாக ஒரே முறை இழுப்பது முடிக்கு நல்லது.

ட்ரையர் முழு எதிரி அல்ல

அப்படியானால் முடியைத் தானாகக் காயவிடுவதுதான் சிறந்தது என்று தோன்றும். 2011இல் வெளியான கொரிய ஆய்வு ஒன்று இதில் ஒரு நுட்பத்தைக் காட்டியது. ட்ரையரை 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தபோது வெப்பம் 47 டிகிரி. 5 சென்டிமீட்டரில் பிடித்தபோது 95 டிகிரி. நெருங்க நெருங்க மேற்பரப்பில் சேதம் கூடியது. ஆனால் தானாகக் காயவிட்ட முடியில் மட்டும், உள்ளே செல்களை ஒட்டவைக்கும் படலம் சேதமடைந்திருந்தது. முடி நெடுநேரம் நீரில் ஊறிக் கிடப்பதும் அதற்கு நல்லதல்ல என்பதை அது காட்டுகிறது. ட்ரையரை 15 சென்டிமீட்டர் தள்ளி, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே உலர்த்துவது நல்ல வழி என்பது அந்த ஆய்வாளர்களின் முடிவு.

தலைக்குக் குளித்ததும் துண்டால் அழுத்தித் தேய்க்காதீர்கள். செதில்கள் தூக்கிக்கொள்ளும். துண்டை முடியில் ஒற்றி எடுத்தாலே போதும். சிக்கு எடுக்க அகலப் பல் சீப்பைப் பயன்படுத்தி, நுனியிலிருந்து மேல்நோக்கி வாருங்கள். ட்ரையர் காற்றை வேரிலிருந்து நுனிப் பக்கமாக விட்டால் செதில்கள் படிந்து மூடும்.

காப்புக்கு என்ன?

ஹீட் ப்ரொடெக்டன்ட் என்று விற்கும் திரவங்களில் பெரும்பாலும் சிலிக்கோன்களும் பாலிமர்களும் இருக்கின்றன. அவை முடிமேல் மெல்லிய படலமாகப் படிந்து, சூடு உள்ளே பரவும் வேகத்தைக் குறைக்கும். உராய்வையும் குறைக்கும். சூட்டை முழுவதுமாகத் தடுத்துவிடாது. அதைத் தடவிவிட்டோம் என்ற தைரியத்தில் டிகிரியை ஏற்றக் கூடாது. நீர் கலந்த ஸ்ப்ரேயாக இருந்தால், அதுவும் காய்ந்த பிறகே ஸ்ட்ரெய்ட்னரை எடுக்க வேண்டும்.

நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய்க்கும் இதில் இடம் உண்டு. அதில் உள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு. அதனால் முடியின் உள்ளே ஊடுருவக்கூடியது. மும்பையில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், தேங்காய் எண்ணெய் தடவிய முடியில் புரத இழப்பு குறைந்தது. சூரியகாந்தி எண்ணெயும் மினரல் எண்ணெயும் அந்தப் பலனைத் தரவில்லை. ஆய்வைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் வாசகர் அறிந்திருக்க வேண்டும். எண்ணெய்க்குரிய நேரம் தலைக்குக் குளிப்பதற்கு முன்பு. எண்ணெய் தடவிய தலையில் ஸ்ட்ரெய்ட்னர் வைக்கக் கூடாது.

இத்தனை கவனமும் ஏன் தேவை? தோலில் காயம் பட்டால் ஆறும், முடியில் அப்படி நடக்காது. தோலுக்கு வெளியே வந்த முடி உயிரற்றது. மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது என்றால், 60 சென்டிமீட்டர் கூந்தலின் நுனிக்கு ஐந்து வயது. அத்தனை ஆண்டுச் சீப்பும் வெயிலும் சூடும் அதில் பதிந்திருக்கும். சீரமும் கண்டிஷனரும் சேதத்தைப் பூசி மறைக்கும், உடைந்ததைப் பழையபடி ஆக்காது. வெடித்த நுனிக்குக் கத்தரிக்கோலே மருந்து.

அதனால் கல்யாண வீட்டு அவசரத்திலும் சரி, பார்லர் நாற்காலியிலும் சரி, தயங்காமல் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: முடி முழுசாகக் காய்ந்துவிட்டதா? எத்தனை டிகிரி வைத்திருக்கிறீர்கள்? உங்கள் முடி ஐந்து ஆண்டு வளர்ந்தது. அது காய்வதற்குப் பத்து நிமிடம் காத்திருக்கலாம்.