சீட் கிடைத்த பிறகும் சீட் பறிபோகுமா?

அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கை முடிவுகள் பெரும்பாலும் மார்ச் இறுதிக்குள் வந்துவிடும். எந்தக் கல்லூரி என்று மே 1-க்குள் முடிவு செய்து முன்பணம் கட்ட வேண்டும். பள்ளி முடிவதோ மே கடைசியில் அல்லது ஜூனில். ‘அதுதான் இடம் கிடைத்துவிட்டதே’ என்று பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி மாதங்களில் படிப்பைக் கைவிடும் மாணவர்கள் அங்கே ஏராளம். ஆனால், அந்தச் சேர்க்கைக் கடிதம் நிபந்தனைக்கு உட்பட்டது. இறுதி மதிப்பெண் பட்டியலைப் பார்த்த பிறகு, கொடுத்த இடத்தைக் கல்லூரி திரும்பப் பெறலாம்.

எவ்வளவு சரிந்தால் ஆபத்து?

பெரும்பாலான தனியார் கல்லூரிகள் இதற்கு எண் எதையும் சொல்வதில்லை. ‘இதுவரை படித்த தரத்திலேயே முடிக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதியிருக்கும். ஒரு பாடத்தில் ஏ கிரேடு பி ஆனதற்காக யாரும் இடத்தைப் பறிப்பதில்லை. ஒரே ஒரு சி வந்தால் பெரும்பாலும் விளக்கம் கேட்பதோடு நின்றுவிடும். பல பாடங்களில் ஒருசேரச் சரிவதும், டி அல்லது எஃப் வாங்குவதும்தான் கோப்பை மீண்டும் திறக்க வைக்கும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் கணக்கை வெளிப்படையாகவே சொல்கிறது. கடைசி ஆண்டில் கிரேடு சராசரி (ஜிபிஏ) 3.0-க்குக் குறையக் கூடாது. டி, எஃப் கூடாது. இவை தனித்தனி நிபந்தனைகள். ஐந்து பாடங்களில் மூன்று ஏ, ஒரு பி, ஒரு டி வாங்கிய மாணவரை எடுத்துக்கொள்வோம். ஏ-க்கு 4, பி-க்கு 3, டி-க்கு 1 என்று கூட்டி ஐந்தால் வகுத்தால் 3.2 வரும். சராசரி தப்பித்துவிட்டது; ஆனாலும் அந்த ஒரு டி நிபந்தனையை மீறியதாகவே கொள்ளப்படும்.

மதிப்பெண்ணுக்கு வெளியே இரண்டு கண்ணிகள்

முதலாவது, விண்ணப்பத்தில் காட்டிய கடினமான பாடத்தைச் சொல்லாமல் கைவிடுவது. கால்குலஸ் படிப்பதாக எழுதிவிட்டு இரண்டாம் பருவத்தில் அதை விட்டுவிட்டால், மற்ற பாடங்களில் ஏ வாங்கினாலும் கேள்வி வரும்.

இரண்டாவது, கெடு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு இறுதி மதிப்பெண் பட்டியல் ஜூலை 1-க்குள் போய்ச் சேர வேண்டும். இந்தக் கெடு எவ்வளவு கூர்மையானது என்பதை 2017-இல் அதன் அர்வைன் வளாகம் காட்டியது. வகுப்பு தொடங்க இரண்டு மாதங்களே இருக்கும்போது 499 பேரின் சேர்க்கையை அது ரத்து செய்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சொல்லப்பட்ட காரணம் மதிப்பெண் பட்டியல் தொடர்பான குறைபாடு; மற்றவர்களுக்குக் கடைசி ஆண்டு கிரேடு. அந்த ஆண்டு எதிர்பார்த்ததைவிடச் சுமார் 850 பேர் கூடுதலாக இடத்தை ஏற்றிருந்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும் வேந்தர் ஹோவர்ட் கில்மன் மன்னிப்புக் கேட்டார். கிரேடு தெளிவாகக் குறைந்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இடம் திரும்பக் கிடைத்தது.

சாதாரண ஆண்டில் கண்டுகொள்ளாமல் விடப்படும் சறுக்கல், இருக்கைகள் நிரம்பி வழியும் ஆண்டில் காரணமாக எடுத்துக்கொள்ளப்படலாம் என்பதே அந்தச் சம்பவம் தரும் பாடம். எது அப்படிப்பட்ட ஆண்டு என்பது மாணவருக்கு முன்கூட்டித் தெரியாது.

சறுக்கிவிட்டால் என்ன செய்வது?

கல்லூரி கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். கிரேடு விழப்போகிறது என்று தெரிந்த உடனேயே, முதலில் பள்ளி ஆலோசகரிடமும் பிறகு கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். உடல்நலக் குறைவு, குடும்பத்தில் இழப்பு போன்ற காரணம் இருந்தால் ஆவணத்தோடு சொல்லலாம். காரணம் எதுவும் இல்லையென்றால் கதை கட்டுவதைவிட, அந்தப் பாடத்தைக் கோடை வகுப்பில் மீண்டும் படிப்பதாகச் சொல்வது மேல். ஆலோசகரின் கடிதமும் அதே விவரத்தைச் சொல்ல வேண்டும். இரண்டும் முரண்பட்டால் நம்பிக்கை போய்விடும்.

எல்லாச் சறுக்கலும் ரத்தில் முடிவதில்லை. எச்சரிக்கைக் கடிதம், முதல் பருவத்தில் கல்விக் கண்காணிப்பு, தாமதமான சேர்க்கை எனப் பல படிகள் உண்டு. ரத்தே ஆனாலும் மேல்முறையீடு செய்யலாம். அதுவும் பலிக்காவிட்டால், கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் வழி இருக்கிறது. அர்வைன் உள்ளிட்ட ஆறு வளாகங்கள், உரிய தகுதியோடு வருபவர்களுக்கு இடத்தை உறுதியே செய்கின்றன.

அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கும் நம் ஊர் மாணவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் கையில் இருக்கும் சேர்க்கைக் கடிதம் பெரும்பாலும் பள்ளி கணித்துக் கொடுத்த பிளஸ் டூ மதிப்பெண்ணை நம்பி வந்தது. பொதுத் தேர்வு மதிப்பெண் கணிப்பிலிருந்து வெகுவாகக் குறைந்தால், விசாவுக்கும் விமான டிக்கெட்டுக்கும் செலவு செய்வதற்கு முன்பே கல்லூரிக்கு எழுதிப் பதில் வாங்கிக்கொள்வது நல்லது.