கோலுக்கு முந்திய மூச்சு

கொச்சி நகரின் கொச்சங்காடியில் ஒரு சாயாக் கடை. மட்டாஞ்சேரி யூதத் தெருவைப் பார்க்க வரும் சுற்றுலாக் கூட்டம் இந்தச் சந்துக்குள் அவ்வளவாகத் திரும்புவதில்லை. மாலை ஏழரைக்கு ஐ.எஸ்.எல். கால்பந்து ஆட்டம் தொடங்கியிருந்தது. சுவரோரம் தொங்கிய டிவியில் கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டைகள் ஓடிக்கொண்டிருக்க, ஆங்கிலத்தில் ஒருவர் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். கடையில் பாதிப் பேரின் கண் மொபைலில், மீதிப் பேரின் கை பழம்பொரியில். "இக்கா, மலையாளம் இடூ" என்றான் மூலையிலிருந்த ஒரு பையன். கடைக்காரர் ரிமோட்டை அழுத்தினார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, எல்லாத் தலையும் நிமிர்ந்துவிட்டது.

ஆட்டத்தில் ஒன்றும் நடந்துவிடவில்லை. பந்து நடுக்கோட்டருகே சும்மா கைமாறிக் கொண்டிருந்தது. (காலுக்குக் கால் போவதையும் நாம் கைமாறுவது என்றுதான் சொல்கிறோம்!) மாறியது குரல் மட்டும். கண்ணால் பார்க்கும் ஒன்றைக் காதுக்கு வரும் குரல் இப்படி மாற்றிப்போட முடியுமா?

கேரளத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு பெயரையே பதிலாகச் சொல்வார்கள்: ஷைஜு தாமோதரன். விளையாட்டுப் பத்திரிகையாளராக இருந்து வர்ணனைக்கு வந்தவர். ஐ.எஸ்.எல். மலையாள ஒளிபரப்பின் வழியே வீடுவீடாக அறிமுகமான குரல். அதைக் கேரளத்துக்கு வெளியிலும் கொண்டுபோனது 2018 உலகக் கோப்பை. ஜூன் 15 அன்று ரஷ்யாவின் சோச்சியில் போர்ச்சுகலும் ஸ்பெயினும் மோதின. இந்திய நேரப்படி இரவு பதினொன்றரைக்குத் தொடங்கிய ஆட்டம் அது. 88-ஆவது நிமிடத்தில், ஸ்பெயின் 3-2 என்று முன்னிலையில் இருக்கும்போது, போர்ச்சுகலின் ரொனால்டோவுக்கு ஒரு ஃப்ரீ கிக். நம் ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல். பந்து தடுப்புச் சுவரைத் தாண்டி வளைந்து வலைக்குள் போனது. ஷைஜுவின் குரல் கிழிந்துபோகும் அளவுக்கு உயர்ந்தது. மலையாளம் ஒரு சொல்லும் தெரியாதவர்கள்கூட அந்தத் துணுக்கைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

அவர்களுக்கு எது புரிந்தது? சொல் அல்ல, சுருதி. சாதாரணமாகப் பேசும் ஓர் ஆணின் குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 150 முறை அதிர்கின்றன. பரபரப்பில் கத்தும்போது அது இரண்டு மடங்கையும் தாண்டிப் போகும். கூடவே பேச்சின் வேகமும் உரப்பும் ஏறும். குழந்தையின் அலறலையும் தெருவில் எழும் கூச்சலையும் மொழி தெரியாமலே புரிந்துகொள்கிற காது, இதையும் அப்படியே புரிந்துகொள்கிறது.

நல்ல வர்ணனையாளர் இந்த ஏற்றத்தைக் கோல் விழுந்த பிறகு தொடங்குவதில்லை. பந்து ஆபத்தான இடத்துக்கு வருமுன்பே அவருடைய வாக்கியங்கள் சுருங்கத் தொடங்கும். வினைச்சொல் உதிரும், பெயர்கள் மட்டும் மிஞ்சும். கடைசியில் ஒரு மூச்சு. அந்த மூச்சைக் கேட்டதும் சாயாவை உறிஞ்சிக்கொண்டிருப்பவர் டம்ளரை வைத்துவிட்டு நிமிர்கிறார். ஏற்றத்தைத் தப்பான இடத்தில் தொடங்கினால் பந்து வெளியே போய்விடும், குரல் மட்டும் அந்தரத்தில் தொங்கும். இந்தக் கலையில் கடினமான பகுதி இதுதான் என்பேன். கத்துவது யாருக்கும் வரும்.

'கோல்' என்ற சொல்லும் கத்துவதற்கென்றே அமைந்தது போலிருக்கிறது. நடுவில் நெடில் ஓகாரம். மூச்சு உள்ளவரை இழுக்கலாம். லத்தீன் அமெரிக்க வர்ணனையாளர்கள் இதை அரை நிமிடம்வரைகூட இழுப்பார்கள். நம் இலக்கணத்தில் இதற்குப் பெயர் உண்டு: அளபெடை. செய்யுளில் ஓசை குறையும் இடத்தில் நெடிலை நீட்டிக்கொள்ளப் புலவருக்கு அனுமதி. 'ரொனால்டோ' ஓகாரத்தில் முடிவதும் வர்ணனையாளரின் அதிர்ஷ்டம்தான். இங்கிலாந்து ஆட்டக்காரர் ஹாரி கேனின் பெயரை எவ்வளவு இழுத்தாலும் கடைசியில் மெய்யெழுத்து வந்து கதவைச் சாத்திவிடும்.

இந்தத் தொழில் பிறந்தது டிவியில் அல்ல, வானொலியில். 1927 ஜனவரி 22 அன்று லண்டன் ஹைபரியில் ஆர்சனல், ஷெஃபீல்டு யுனைடெட் ஆட்டத்தை பி.பி.சி. நேரடியாக ஒலிபரப்பியது. வர்ணித்தவர் டெடி வேக்லம். மைதானத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்த படம் ஒன்று 'ரேடியோ டைம்ஸ்' இதழில் அச்சாகியிருந்தது. பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று இன்னொருவர் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருப்பார். கேட்பவர் படத்தில் விரலை வைத்துத் தொடர்வார்.

டிவியில் எண் சொல்பவருக்கு வேலை இல்லை. பந்து எங்கே என்பதுதான் தெரிகிறதே! ஆனாலும் நம் மொழி வர்ணனைகள் பலவற்றில் வானொலிப் பழக்கம் இன்னும் விடவில்லை. "இதோ பந்து இடது பக்கம் செல்கிறது" என்கிறார்கள். செல்வதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கண்ணுக்குத் தெரியாததைச் சொல்வதுதான் டிவி வர்ணனையாளரின் வேலை: இந்த ஆட்டக்காரர் ஏன் இன்று வலது ஓரத்திலேயே நிற்கிறார், போன முறை இதே பெனால்டியை எந்தப் பக்கம் அடித்தார், இந்த கோல்கீப்பரிடம் ஏன் ஒரு தயக்கம் தெரிகிறது.

குரல் கண்ணை ஏமாற்றவும் செய்யும் என்பதற்கு ஆய்வே இருக்கிறது. 1977-இல் அமெரிக்காவில் பால் காமிஸ்கி, ஜெனிங்ஸ் பிரையன்ட், டால்ஃப் ஸில்மன் மூவரும் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தின் இரண்டு துண்டுகளை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒன்றில் உண்மையிலேயே முரட்டு ஆட்டம். வர்ணனையோ அதைப் பெரிதுபடுத்தவில்லை. மற்றொன்று சாதாரண ஆட்டம். வர்ணனை மட்டும் அடிதடி நடப்பதுபோல் முழங்கியது. ஒலியில்லாமல் பார்த்தவர்கள் சரியாகவே சொன்னார்கள். ஒலியோடு பார்த்தவர்களுக்குச் சாதாரண ஆட்டம்தான் முரட்டு ஆட்டமாகத் தெரிந்தது. 1982-இல் வெளியான இன்னோர் ஆய்வில் ஒரே டென்னிஸ் ஆட்டத்தைக் காட்டி, ஆடுபவர்கள் ஜென்மப் பகைவர்கள் என்று ஒரு வர்ணனையிலும், நெருங்கிய நண்பர்கள் என்று இன்னொன்றிலும் சொன்னார்கள். பகைவர்கள் என்று கேட்டவர்களே ஆட்டத்தை அதிகம் ரசித்தார்கள். டிவி நிறுவனங்கள் எந்த ஆட்டத்தையும் 'பழிவாங்கும் படலம்' என்று விளம்பரப்படுத்துவது ஏன் என்று இப்போது புரியும்.

குரல் நம் வீட்டுக்கு வந்து சேரும் வழியும் பார்க்கத்தக்கது. ஆட்டத்தைப் படமெடுக்கும் நிறுவனம், மைதான இரைச்சலோடு, வர்ணனை இல்லாத படத்தை அனுப்பிவைக்கும். அதன்மேல் ஒவ்வொரு மொழிக்காரரும் தங்கள் குரலை ஏற்றிக்கொள்வார்கள். பல சமயம் வர்ணனையாளர் மைதானத்திலேயே இருக்கமாட்டார். எங்கோ ஒரு ஸ்டூடியோவில், நாம் பார்க்கும் அதே படத்தைப் பார்த்துத்தான் பேசுவார். கேமரா காட்டாததை அவரும் பார்க்கவில்லை. மைதானத்திலிருந்து பேசுபவர்களில் சிலர் உதட்டோடு ஒட்டிப் பிடிக்கும் ஒரு மைக்கை வைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்குள் மெல்லிய உலோக நாடா ஒன்று உண்டு. தூரத்துச் சத்தம் நாடாவின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக மோதுவதால் நாடா அதிகம் அசையாது. உதட்டருகிலிருந்து வரும் பேச்சு ஒரு பக்கமாகத் தாக்குவதால் அசையும். ஆயிரக்கணக்கானோர் கத்தும்போதும் ஒருவர் குரல் தெளிவாக வருவது இதனால்தான்.

தமிழர்களுக்கு இந்தக் கலை புதிதல்ல. சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரும் கூத்தபிரானும் வானொலியில் கிரிக்கெட்டைத் தமிழாக்கிக் காட்டினார்கள். ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழில் ஆர்.ஜே. பாலாஜியின் நக்கலுக்காகவே ஐ.பி.எல். பார்த்தவர்கள் உண்டு. இன்னும் பின்னால் போனால், அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு வாடிவாசலில் மைக் பிடிப்பவர் யார்? காளையையும் வீரனையும் மாறிமாறிச் சீண்டி, நடுவில் அண்டாவும் சைக்கிளும் பரிசாக அறிவித்து, கூட்டத்தின் மூச்சைக் கையில் வைத்திருக்கும் அவரும் வர்ணனையாளர்தான். தெருக்கூத்தின் கட்டியக்காரனுக்கு ஒருவகையில் வாரிசு என்று சொன்னால் தப்பில்லை.

சொந்த மொழி வர்ணனையில் ஒரு குறையும் இருக்கிறது. அது சொந்த அணியின் பக்கம் சாயும். பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2022 என மூன்று முறை ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டிக்குப் போய் மூன்றிலும் தோற்ற அணி. எந்தக் குரலாலும் அதை மாற்ற முடியவில்லை. எனக்கு இந்தச் சாய்வில் பெரிய கோபம் இல்லை. தவறான ஆட்டத்தையும் தவறு என்று சொல்லத் தெரிந்தவர், மற்ற நேரத்தில் கொஞ்சம் சாய்ந்துகொள்ளட்டும்.

அடுத்த ஆட்டத்தில் ஒன்று செய்து பாருங்கள். பத்து நிமிடம் ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். அடுத்த பத்து நிமிடம் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் பத்து நிமிடம் நீளமாக இருந்தது என்று கடிகாரத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள்.