நீளும் துணி, நீளாத மை

பல்லடத்தில் தறி ஓடுகிறது. வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் திருப்பூரில் நிட்டிங் மெஷின் சுற்றுகிறது. இரண்டுக்கும் பருத்தி நூல்தான். தறியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகப் பூட்டிக்கொள்கின்றன. பனியன் துணியில் ஒரே நூல் வளையம் வளையமாக ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்கிறது. இசைக்குழுவின் படம் போட்ட டி-ஷர்ட் பெண்களுக்கு ஏன் சரியாக அமைவதில்லை என்ற கேள்விக்கு விடை இந்த வளையத்தில்தான் தொடங்குகிறது.

முதலில் வளைவு. ஒரு காகிதத்தைக் குழாயாகச் சுருட்டலாம். தேங்காய் மூடியின் மேல் சுருக்கம் விழாமல் ஒட்ட முடியாது. ஒரு திசையில் மட்டும் வளைந்த பரப்பு வேறு, இரு திசையிலும் வளைந்த பரப்பு வேறு. முன்னதைத் தட்டையாக விரிக்கலாம், பின்னதை நீட்டாமலோ கிழிக்காமலோ விரிக்கவே முடியாது. 1827-இல் கார்ல் ஃபிரெட்ரிக் காஸ் நிறுவிய தேற்றத்திலிருந்து வரும் முடிவு இது. நம் ஊர்த் தையல்காரர்கள் இதைக் கத்தரியாலேயே அறிந்தவர்கள். ரவிக்கைக்கு மார்பில் டாட் பிடிப்பது இதற்காகத்தான்: தறித்துணி நீண்டு கொடுக்காது, ஆகவே மிகுதியை மடித்துத் தைத்து வளைவை உண்டாக்குகிறார்கள்.

டி-ஷர்ட்டுக்கு டாட் இல்லை. அது பனியன் துணி. அதை அகலவாக்கில் இழுக்கும்போது வளையத்தின் இரு கால்களும் விரிகின்றன. உயரத்தில் இருந்த நூல் நகர்ந்து அகலத்துக்குப் போகிறது. துணி அகலும், நீளம் குறையும். நூல் தானாக நீள்வது சொற்பம், அது இடம் மாறுகிறது, அவ்வளவுதான். 30 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 ஊசியும் உள்ள மெஷினில் சுமார் 2,260 ஊசிகள் வட்டமாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் இப்படி இடம் விட்டுக்கொடுக்கும் வளையங்களை அடுக்கிக்கொண்டே போகிறது. ஒரு பெண்ணின் உடல் வளைவை முன்கூட்டி அறியாத துணி, போட்டவுடன் அதைக் கற்றுக்கொள்கிறது. எனக்கு இது இன்றும் பெரிய வியப்பு.

ஆனால் துணி விட்டுக்கொடுப்பதற்கும் எல்லை உண்டு. ஆணின் அளவில் வெட்டிய 'யூனிசெக்ஸ்' டி-ஷர்ட் ஏறக்குறைய ஒரு குழாய். அதன் சிறிய அளவை ஒரு பெண் போட்டால் தோள் தையல் கையில் இறங்கும், அக்குள் தொங்கும், இடுப்புப் பக்கம் பிடிக்கும். துணி நீள வேண்டிய இடமும் தளர்ந்து கிடக்கும் இடமும் முறைமாறி விழுகின்றன. நல்ல பேட்டர்ன் மாஸ்டர் பெண்களுக்கு வெட்டும்போது தோளைக் குறுக்குவார், கைக்குழியை மேலே ஏற்றுவார், பக்கத் தையலை இடையில் உள்வாங்கி இடுப்பில் விரிப்பார். ஆண் அளவை வெறுமனே சுருக்கினால் இது எதுவும் கிடைக்காது.

அடுத்தது படம். இசைக்குழு டி-ஷர்ட்டில் வாங்குவதே படத்தைத்தான். அதை உடலில் அச்சடிப்பதில்லை. பல இடங்களில் தைப்பதற்கு முன்பே, வெட்டிய முன்துண்டை டேபிளில் தட்டையாக ஒட்டி அடிக்கிறார்கள். வழக்கமான பிளாஸ்டிசால் மை, பி.வி.சி. துகள்கள் கலந்த கூழ். சுமார் 160 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் துகள்கள் உருகி இணைந்து படலமாகிவிடும். வளையங்கள் அந்தப் படலத்துக்கடியில் பூட்டப்பட்டுவிடுகின்றன. அதாவது மார்பில், துணி அதிகம் நீள வேண்டிய இடத்திலேயே, பனியன் துணி தறித்துணியைப் போல நடக்கத் தொடங்குகிறது. விளிம்பில் துணி சுருங்கி இழுபடும், நாளடைவில் மை வெடிக்கும்.

இதைக் கண்ணால் காண ஏற்ற படம் ஒன்று உண்டு. மான்செஸ்டர் பகுதியின் ஜாய் டிவிஷன் குழு 1979-இல் வெளியிட்ட 'அன்நோன் பிளஷர்ஸ்' இசைத்தட்டின் அட்டை: கறுப்பில் அலையலையாக எழும் வெள்ளைக் கோடுகள். ஒரு துடிப்பு விண்மீனிலிருந்து அடுத்தடுத்து வந்த ரேடியோ துடிப்புகள் அவை. 1970-இல் ஹெரால்ட் கிராஃப்ட் தன் ஆய்வேட்டில் வரைந்த வரைபடத்திலிருந்து எடுத்தது. அந்த விண்மீனை 1967-இல் முதலில் கண்டவர் கேம்பிரிட்ஜில் படித்த ஜோசலின் பெல் என்ற பெண். அவர் கண்டுபிடித்த விண்மீனின் கோடுகள் பெண்களின் உடலில்தான் அதிகம் கோணுகின்றன என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. கிடைக்கோடுகள் என்பதால் எங்கே துணி எவ்வளவு நீண்டது என்பதை அவை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும்.

கோணலுக்கு இன்னொரு காரணம் செலவு. ஒவ்வொரு நிறத்துக்கும் மையை இறக்க ஒரு ஸ்கிரீன், அதாவது வலைச் சட்டம், வேண்டும். ஆகவே பல சமயம் பெரிய ஆண் அளவுக்குச் செய்த ஸ்கிரீனையே எல்லா அளவுக்கும் போடுகிறார்கள். குறுகிய முன்துண்டில் அந்தப் படம் அக்குள்வரை போய்விடும். பெண்களுக்குக் கழுத்தை இறக்கி வெட்டும்போதும் படம் கழுத்தை ஒட்டியே தொடங்குவதால், அதன் நடுப்பகுதி இன்னும் கீழே சரிகிறது.

பெண்களின் முன்துண்டுக்குத் தனியாக, குறுகலாக ஒரு ஸ்கிரீன் செய்வது முதல் தீர்வு. மையை மாற்றுவது அதைவிட நல்ல தீர்வு. டிஸ்சார்ஜ் பிரிண்டிங்கில் துணியின் மேல் படலம் எதுவும் படிவதில்லை. கறுப்புச் சாயத்தையே வேதிப்பொருளால் அந்த இடத்தில் அழித்துவிடுகிறார்கள். சாயப்பட்டறையில் முன்பே அழியக்கூடிய சாயமாகப் பார்த்துப் போட்டிருக்க வேண்டும். துணியில் பாலியெஸ்டர் அதிகம் கலந்திருக்கக் கூடாது. துவைத்த பிறகு தடவிப் பார்த்தால் படம் இருக்கும் இடமே விரலுக்குத் தெரியாது. படலம் இல்லாததால் வளையங்கள் பூட்டப்படவில்லை. படமும் துணியோடு சேர்ந்தே நீள்கிறது.